புகைக்குழாயை எந்தப் பக்கம் விடுவது

இந்த நாட்டுக் குழந்தைகள் பகல் நித்திரையை வெளியில்தான் கொள்கின்றன. பனி கொட்டினாலும் பிள்ளையைக் கம்பளிப் பைக்குள் போட்டு, தள்ளுவண்டிலைச் சுவரோடு விட்டுவிட்டுத் தாய் உள்ளே போய்க் கோப்பி குடிப்பாள். இத்தனை வருடம் ஒஸ்லோவில் இருந்தும் எனக்கு அதைப் பார்க்க இன்னும் பதறும். எங்கள் வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் சின்னவனும் அப்படித்தான். எங்கள் பின்சுவர் முடிகிற மூலையில், காற்றுப் படாத இடத்தில், அவன் வண்டில் நிற்கும். குசினி யன்னலால் தினமும் பார்க்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

போன இலையுதிர் காலத்தில் பெல்லெட் அடுப்பு வாங்க முடிவெடுத்தோம். மரத்தூளை இறுக்கிச் செய்த குச்சிகளைத் தானே எடுத்து எரித்து வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு. லில்லெஸ்ட்ரோமில் மச்சான் வீட்டில் அதன் முன்னால் கால்நீட்டி இருந்த நாளிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அடுப்பைப் பொருத்திப் பூட்டுகிறவர் வந்து பார்த்து, புகைக்குழாய்க்கு இரண்டு வழி சொன்னார். ஒன்று, மேலே மகளின் அறைக்குள்ளால் கூரைக்கு ஏற்றுவது. மற்றது, பின்சுவரைத் துளைத்து வெளியில் விடுவது. கூரைதான் நல்லது, ஆனால் யன்னல்களிலிருந்து போதிய தூரம் இருப்பதால் சுவராலும் செய்யலாம் என்றார். "செய்யலாம்" என்றது மட்டும் என் காதில் விழுந்தது. மேலறையை உடைத்து, அலுமாரியைக் கழற்றி, தூசி தின்ன யாரால் முடியும்? அவர் யன்னலுக்குத் தூரம் பார்த்தார். வண்டிலுக்குப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அயலவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொன்னார். போனேன். பின்சுவரில் அடுப்புக் குழாய் ஒன்று வரும் என்றேன். அந்தப் பெண் சின்னவனைத் தோளில் போட்டபடி வாசலில் நின்று கேட்டாள்.

"சத்தம் கேட்குமா? இவன் அங்கேதான் நித்திரை கொள்கிறான்."

"சத்தமே வராது," என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் அவள் கேட்க மறந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அவள் சிரித்தாள், நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ரொம்சோஸில் மாடிக் குடியிருப்பில் இருந்தோம். அவளுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். கீழ்வீட்டுக்காரர் பல்கனியில் சிகரெட் பிடிப்பார், புகை நேரே அவள் அறைக்குள் வரும். ஒருநாள் இறங்கிப் போய்ச் சண்டை பிடித்தேன். விதிப்படி தனக்கு அனுமதி இருக்கிறது என்றார் அவர். உன் விதி என் பிள்ளைக்கு மூச்சுத் தருமா என்று, அரைகுறை நோர்வேஜிய மொழியில், மாடி முழுக்கக் கேட்கக் கத்தினேன். வீட்டுக்கு விருந்துக்கு வருகிற எல்லோருக்கும் இந்தக் கதையைச் சொல்லுவேன். மகளுக்கு அது மனப்பாடம்.

பக்கத்து வீட்டுக்குப் போய்வந்த வார இறுதியில் மகள், மேசையில் கிடந்த அடுப்பு வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். பின்சுவரில் குழாய்க்கு வட்டம் போட்டிருந்தது.

"அப்பா, இது சின்னவன்ரை வண்டில் நிக்கிற இடமெல்லோ?"

"ஓம். விதிப்படி தூரம் காணும்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்கு உறைத்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புகை வருமெண்டு அவைக்குச் சொன்னனீங்களோ?"

"சத்தம் வராதெண்டு சொன்னனான்."

"என்ரை அலுமாரியைக் கழட்டுங்கோ," என்றாள். "மேலாலை விடுங்கோ. ஆனால் அவையிட்டைப் போய் உள்ளதைச் சொல்லுங்கோ, அப்பா."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றே பூட்டுகிறவரை அழைத்துக் கூரைக்கு மாற்றினேன். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனேன். புகையைப் பற்றி அன்று உங்களிடம் மறைத்துவிட்டேன் என்ற வசனத்தை நோர்வேஜிய மொழியில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். குழாய் மகளின் அறைக்குள்ளால் கூரைக்குப் போகிறது என்று தொடங்கினேன். அவள் முந்திவிட்டாள்.

"இவன் நித்திரை கொள்ளட்டும் என்றா உங்கள் மகளின் அறையை உடைக்கிறீர்கள்?"

அவள் கண் கலங்கியிருந்தது. உள்ளே போய், அப்போதுதான் சுட்ட வாஃபிள்களைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து தந்தாள். உங்களைப் போல அயலவர் கிடைக்க மாட்டார்கள் என்றாள். என் வசனம் மனதுக்குள்ளேயே நின்றுவிட்டது. நன்றி சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் மகள் தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"சொன்னீங்களோ?"

"ஓம்," என்றேன்.