கோகிலவாணி சொல்லாமல் வைத்திருந்தது

கோகிலவாணியைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. அவள் மேல் முதலில் புகார் கொடுத்தவளே நான்தான்.

நெடுஞ்சாலை டோல்கேட்டில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த கூண்டு. ஃபாஸ்டேக் வந்த பிறகு இங்கே வேலையே இல்லை என்று காரில் போகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். டேக் படிக்காத லாரி ஒன்று வந்து நின்றால் பின்னால் இருபது வண்டி ஹாரன் அடிக்கும், அப்போது தெரியும் சங்கதி. கூண்டை விட்டு எழுந்திருக்க வேண்டுமென்றால் வாக்கிடாக்கியில் மாற்று ஆள் கேட்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். அந்த ஷிப்டில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் அது விழும். கோகிலவாணி எட்டு மணி நேரத்தில் ஐந்து முறை ஆள் கேட்பாள். தலை வலிக்கிறது என்பாள், தண்ணீர் தீர்ந்துவிட்டது என்பாள், வீட்டிலிருந்து போன் வந்தது என்பாள். புருஷனோடு போன் பேசத்தான் ஓடுகிறாள் என்று நானாகவே முடிவு கட்டி, சூப்பர்வைசர் அருண்குமாரிடம் போட்டுக்கொடுத்தேன். அவர் கூப்பிட்டுக் கண்டித்தார். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். இடுப்பு பெருத்துவிடும் என்று பயமா என்று அதையும் கிண்டல் செய்தேன். என் வாய் அப்படி.

அவளுக்கு வயது இருபத்தேழு. பிறந்தது பென்னாகரம் பக்கம், வாழ்க்கைப்பட்டது நல்லம்பள்ளிக்கு அருகே ஒரு கிராமத்தில். பி.காம். படித்தவள். புருஷன் மாதவராஜ் ஓசூரில் கம்பெனி வேலை, சனி இரவு வந்து திங்கள் விடிகாலை கிளம்பிவிடுவான். வீட்டில் நாலு வயது மகள் சுசித்ராவும், மாமியார் சின்னம்மாளும், இரண்டு மாடும். சின்னம்மாள் கெட்டவள் இல்லை. குழந்தையை அவள் பார்த்துக்கொள்வதால்தான் இவள் வேலைக்கே வர முடிகிறது. ஆனால் பிரசவம் என்று பேச்சு வந்துவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவாள். "நான் மூணு பெத்தன். மூணும் வூட்லயேதான். ஒரு கத்தி மேல பட்டதில்ல" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரலே உயர்ந்துவிடும்.

கோகிலவாணிக்கு இரண்டாவது தங்கியது. எல்லாருக்கும் சந்தோஷம், அவளுக்கு மட்டும் இல்லை. மாதம் ஏற ஏற முகத்தில் வரவேண்டிய களை வரவில்லை. பயம்தான் ஏறியது. வாந்தியால் வாடியிருக்கிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஏழாம் மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டார். சீட்டு வீட்டில் இல்லை, ஜோசியரிடம் இருந்தது. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதுமை இல்லை. குழந்தை பிறந்த நேரம் நிமிடம் பிசகாமல் ஆஸ்பத்திரிச் சீட்டில்தான் இருக்கும் என்பதால், ஜாதகம் எழுத அதையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். சின்னம்மாளும் அப்படித்தான் கொடுத்தாள். ஜாதகம் வந்தது, சீட்டு அங்கேயே தங்கிவிட்டது. நாலு வருஷமாக யாரும் திருப்பிக் கேட்கவில்லை. குழந்தை எந்த நட்சத்திரம் என்று ஊருக்கே தெரியும். பெற்றவள் உடம்புக்கு என்ன ஆயிற்று என்று அதே தாளில் கீழே எழுதியிருந்ததை ஒருவரும் படிக்கவில்லை. எனக்கு அதில்தான் ஆத்திரம்.

கோகிலவாணியே போய்க் கேட்டு வாங்கினாள். ஜோசியர் கட்டைப் பிரித்துத் தேடி எடுத்துக் கொடுத்தார். பிறந்த நேரம், மாலை நாலு ஐம்பத்திரண்டு, சிவப்பு மையால் கோடிட்டிருந்தது. அதன் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. பஸ்ஸில் நின்றபடியே படித்தாள். மூன்றாம் நிலைக் கிழிசல், மலவாயைப் பிடித்து வைக்கும் தசை வரை, தையல் போடப்பட்டது. தையல் கொஞ்சம் அதிகம் என்று மட்டும்தான் அன்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். போனில் அந்த வார்த்தைகளைப் போட்டுத் தேடினாள். படங்கள் வந்ததும் அணைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் சீட்டைப் பார்த்ததும் டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகவே விளக்கினாராம். இப்படிக் கிழிந்தவர்களில் நூற்றுக்கு ஆறேழு பேருக்குத்தான் மறுபடியும் அப்படி ஆகும், நன்றாக ஆறியிருந்தால் சுகப்பிரசவத்துக்கே காத்திருக்கலாம். ஆனால் காற்றோ மலமோ அடக்க முடியாமல் போகிறது என்றால் ஆபரேஷன் பற்றி யோசிக்க வேண்டும், ஏனென்றால் இருக்கிற கொஞ்சநஞ்சப் பிடியும் இந்தப் பிரசவத்தில் போய்விடலாம். இதைச் சொல்லிவிட்டு, "உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

பக்கத்து ஸ்டூலில் சின்னம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர். நல்லாத்தான் இருக்கறன்" என்று கோகிலவாணி சொல்லிவிட்டாள். டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். வலி வரும்வரை காத்திருக்கலாம் என்றார். வெளியே வந்து சின்னம்மாள் இளநீர் வாங்கிக் கொடுத்தாள்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. தெரிந்த நாளைச் சொல்கிறேன். தொப்பூர் கணவாயில் கண்டெய்னர் லாரி ஒன்று கவிழ்ந்து, இரண்டு பக்கமும் வண்டி நகரவில்லை. மாற்று ஆள் வர வேண்டிய பஸ்ஸும் அதில் மாட்டிக்கொண்டது. கோகிலவாணிக்கு அப்போது எட்டு மாதம். வாக்கிடாக்கியில் ஆள் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் குரல் மாறியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள். பிரசவ வலிதானோ என்று நினைத்தேன். என் கூண்டை அடைத்துவிட்டு ஓடுவதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஆள் கேட்கவில்லை.

கதவைத் திறந்ததுமே வாடை சொல்லிவிட்டது. என் துப்பட்டாவை அவள் இடுப்பில் சுற்றி, பின்பக்கமாகக் கழிப்பறைக்கு அழைத்துப் போனேன். நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற அவள் அழவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிறகு ஓய்வறையில் உட்கார வைத்தபோது, நாலு வருஷத்தையும் கொட்டினாள். காற்றை அடக்க முடியாது. முட்டிக்கொண்டு வந்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது. பாவாடைக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருகிறாள். வீட்டிலிருந்து டோல்கேட் வரை எந்தெந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை பூட்டாமல் இருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் புருஷனிடம் காய்ச்சல் என்று சொல்லிக் குழந்தையோடு படுத்துக்கொள்வாள். பெற்றவர்களுக்கெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று முதல் வருஷம் நினைத்தாளாம். அப்புறம், தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்தாளாம்.

நான் புகார் கொடுத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அது தெரியும் என்றாள்.

முதல் பிரசவத்தில் அவளுக்கு நினைவிருந்தது வலி இல்லை. முக்காதே, நிறுத்து என்று டாக்டர் சொன்னதும், அதற்குப் பிறகு அந்த அறையில் ஒருவரும் பேசாமல் நின்றதும்தான். சுகப்பிரசவம் என்று யார் சொன்னாலும் அந்த அமைதி காதில் கேட்கிறதாம். சரி, ஆபரேஷன் என்றால்? முதுகில் ஊசி, வயிற்றில் கத்தி. பக்கத்துத் தெருவில் ஒருத்திக்குத் தையல் பிரிந்து சீழ் வைத்ததைப் பார்த்திருக்கிறாள். அதைவிடப் பெரிய பயம் வேறு. எதற்கு ஆபரேஷன் என்று வீட்டில் கேட்பார்கள், காரணம் சொல்லியாக வேண்டும். அது தெரிந்த பிறகு தன் கையால் மாமியார் வாங்கிச் சாப்பிடுவாளா, புருஷன் தன்னைத் தொடுவானா என்று கேட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்.

எனக்கு இரண்டும் ஆபரேஷன். ஒளிக்காமல் சொன்னேன். முதல் தடவை எழுந்து நிற்கும்போது உயிர் போய் வரும், இருமினால் வயிறு கிழிகிற மாதிரி இருக்கும், குளிர் நாளில் எனக்கு இன்னமும் தழும்பு இழுக்கும். ஆனாலும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.

"அப்ப நான் எதைச் செய்யறதுங்கக்கா? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

டாக்டரிடம் பொய் சொன்னவளுக்கு நான் என்ன வைத்தியம் சொல்வது என்று சத்தம் போட்டேன். போய் உண்மையைச் சொல், அப்புறம் முடிவு செய் என்றேன். தலையாட்டினாள், சொல்லவில்லை. மாமியார் இல்லாமல் போக முடியாது, மாமியார் முன்னால் சொல்ல முடியாது. மாதவராஜிடம் போனில் சொல்ல இரண்டு தடவை ஆரம்பித்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டு வைத்துவிட்டாள். ஒன்பதாம் மாதம் தொடங்கியது. விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தாள். ராத்திரியில் வலி வந்துவிட்டால் எதுவும் சொல்ல முடியாமலே போய்விடும் என்ற பயத்தில் தூக்கமும் போயிற்று. அவள் போன் வந்தால் முதல் மணியிலேயே எடுப்பேன்.

முப்பத்தேழாவது வாரப் பரிசோதனைக்கு நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். அவள் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வரிசையில் சின்னம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் தன் மூன்று பிரசவக் கதையை ஆரம்பித்திருந்தாள். கோகிலவாணி என் பக்கம் சாய்ந்தாள். வூட்டுக்குப் போயிரலாம்க்கா என்று என் காதில் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். கையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். தலை கீழேதான் இருக்கிறது, எடை மூன்று கிலோ எழுநூறு வரும் போலிருக்கிறது, முதல் குழந்தையைவிடப் பெரிசு என்றார். வலி வந்தால் உடனே வரச் சொல்லி ஃபைலை மூடப் போனார். நான் வாயைத் திறந்தேன். கோகிலவாணி என் காலை மிதித்தாள்.

"டாக்டர், அன்னிக்கி நான் பொய் சொல்லிட்டங்க. என்னால அடக்க முடியறதில்லைங்க. நாலு வருசமா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். காற்று மட்டுமா, மலமுமா, வாரத்தில் எத்தனை நாள், துணி வைக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கோகிலவாணி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நான் சின்னம்மாளைப் பார்த்தேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனதும் இவளுக்கு இருக்கிறது என்று எனக்குக் கிலி பிடித்தது.

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. ஆபரேஷன் என்றால் ரத்தப்போக்கும் புண்ணில் சீழும் வர வாய்ப்பு உண்டு, அடுத்த பிள்ளைக்கும் ஆபரேஷன் தேவைப்படலாம், பழைய கிழிசலை அது சரி செய்யாது, மேலும் மோசமாகாமல் காப்பாற்றும், அவ்வளவுதான் என்றார். பழையதற்குத் தனியாகப் பயிற்சியும் வைத்தியமும் இருக்கிறது என்றார். சுகப்பிரசவம்தான் வேண்டும் என்றாலும் கூடவே இருந்து பார்ப்பதாகச் சொன்னார். முடிவு உங்களுடையது என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டுக்குமே பயமாத்தாங்க இருக்குது" என்றாள் கோகிலவாணி. பிறகு, "ஆபரேஷனே பண்ணிருங்க. மறுபடியும் அங்க கிழிஞ்சா நான் வாழமாட்டங்க" என்றாள்.

முப்பத்தொன்பதாவது வாரத்தில் ஒரு நாளை டாக்டரம்மா எழுதினார். நல்ல நேரம் பார்க்க வேண்டும் என்று சின்னம்மாள் கிளம்புவாள் என்று காத்திருந்தேன். அதைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. போகலாம் என்று டாக்டரம்மா சொன்னதும் நாங்கள் இருவரும் எழுந்தோம். சின்னம்மாள் எழவில்லை. முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரு, வயசானவங்களுக்கும் இதுக்கு வைத்தியம் இருக்குதுங்களா?"

"யாருக்கும்மா?"

அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. "எனக்குத்தாங்க. மாதவராஜு பொறந்ததுல இருந்து."

கோகிலவாணி மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா புதுச் சீட்டு ஒன்றை எடுத்து, சின்னம்மாளின் வயதைக் கேட்டார்.