வாசலில் அக்கா வைத்த சாய முட்டைகள்

அக்கா பிறந்தது திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் ரோட்டை ஒட்டிய எங்கள் தோட்டத்து வீட்டில். அவருக்கு அடுத்துப் பிறந்தவன் நான். அக்கா நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவர் மகள் கேட்டாள். தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு, ஒரு கோழிப்பண்ணை. கிணறு எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். பக்கத்து வீடு. வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அக்கா மட்டும் இரண்டு வீட்டுக்கும் போய் வருவார். அவரை யாரும் தடுக்கவில்லை.

மழை பொய்த்த வருடங்களில் கோழித் தீவனத்துக்கே சிரமம். அக்கா பத்தாவதோடு நின்று பள்ளிபாளையம் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போனார். லுங்கி நூலுக்குச் சாயம் ஏற்றும் இடம். வீட்டுக்கு வரும்போது விரல் நுனி ஒரு நாள் நீலமாக இருக்கும், ஒரு நாள் சிவப்பாக இருக்கும். அந்தக் கையோடு பண்ணையில் முட்டை எடுப்பார். கறை பட்ட முட்டையை வியாபாரி ஒதுக்கியதும் உண்டு. அம்மா திட்டினால், "எங்கூட்டுக் கோழி கலர் முட்டை போடுதுன்னு சொல்லி வெலையக் கூட்டியிருக்கோணும். உங்களுக்கு யாவாரம் தெரியலைங்கம்மா" என்பார்.

அந்தப் பட்டறையில் பாய்லர் பார்த்தவர் மாமா. கிறிஸ்தவர். பிறகு அவருக்கு மேட்டூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கட்டினால் அவரைத்தான் என்று அக்கா சொல்லிவிட்டார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணம் மேட்டூர் சர்ச்சில் நடந்தது. எங்கள் பக்கம் யாரும் போகவில்லை. இனி இந்த வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்லி அனுப்பினார். அக்கா மிதிக்கவில்லை. அம்மாவிடம் போனில் பேசுவார். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் அம்மா போனை வைத்துவிடுவார்.

மேட்டூரில் அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. மாமா வீட்டார் நன்றாகவே வைத்துக்கொண்டார்கள். பிறந்த வீட்டுக்கு வரப்போக இருக்க வேண்டும் என்ற ஒன்றுதான் அவருக்கு ஆகாமல் நின்றது. அதையும் அவர் அழுது கேட்டதில்லை. அழுது கேட்கிற ஆள் இல்லை அவர்.

அங்கே சபைப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போடப் பழக்கினார். பட்டறைப் பழக்கம் அதில் கைகொடுத்தது. நூலில் பிசுக்கு இருந்தால் சாயம் பிடிக்காது. முட்டையும் அப்படித்தான் என்று வினிகர் தொட்ட துணியால் முதலில் துடைப்பார். வெங்காயத் தோல் வேகவைத்த தண்ணீரில் போட்டால் செங்கல் நிறம். பீட்ரூட்டில் ரோஸ். மஞ்சள் தூளில் மஞ்சள். ஊதா முட்டைக்கோஸ் வெந்த தண்ணீரில் ஊறப்போட்டால் நீலம். தண்ணீர் ஊதா, முட்டை நீலம். பிள்ளைகள் நம்பமாட்டார்களாம். மெழுகுவர்த்தியால் முட்டையில் கோடு இழுத்துச் சாயத்தில் போட்டால் கோடு மட்டும் வெள்ளையாக நிற்கும்.

அக்காவுக்குப் பிடித்தது இலை வைப்பது. கொத்தமல்லித் தழையை நனைத்து முட்டையின் மேல் ஒட்டுவார். பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுற்றுவார். நூலால் கட்டி வெங்காயத் தோல் தண்ணீரில் வேகவைப்பார். ஆறின பிறகு பிரித்தால் இலை இருந்த இடம் வெள்ளையாக, காம்போடு தெரியும். நாட்டுக்கோழி முட்டை இதற்கு ஆகாது. அதன் ஓடே பழுப்பு. பண்ணை முட்டைதான் வேண்டும். மேட்டூர் கடையில் அட்டையோடு வாங்கும்போது, "இது எங்கூட்டு முட்டையாக்கூட இருக்குமுங்க" என்று கடைக்காரரிடம் சொல்வாராம்.

ஒரு ஈஸ்டர் அன்று இருட்டோடு மாமாவும் அக்காவும் வண்டியில் எங்கள் ஊருக்கு வந்தார்கள். முட்டையை வைத்துவிட்டுக் காலை ஆராதனைக்குள் மேட்டூர் திரும்புவது அவர்கள் யோசனை. கேட்டுக்கு வெளியே, தரையில் ஒரு வாழையிலைத் துண்டைப் போட்டு அக்கா அதில் வைத்தார். மஞ்சள் முட்டை சில, ரோஸ் சில. இலை வைத்துக் கட்டியவற்றைப் பிரிக்காமல் அப்படியே வைத்தார். அம்மா தன் கையால் பிரித்துப் பார்க்கட்டும் என்று. அம்மா எழுந்திருக்கும் நேரத்துக்குப் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று ரோட்டு முனை டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்கு அம்மா முன்னதாகவே எழுந்துவிட்டார். வாசல் தெளிக்கக் கேட்டைத் திறந்தவர் சாணிச் சட்டியைக் கீழே போட்டார். மஞ்சள் பூசின முட்டை, நூல் சுற்றின துணி, அடியில் வாழையிலை. நம் ஊரில் செய்வினை என்று சொல்ல இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. அந்த வாரம் பண்ணையில் கோழிகள் வேறு செத்துக்கொண்டிருந்தன.

அப்பா வந்து பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டைப் பார்த்தார்.

"கோழி சாவறது பத்தலைன்னு மனுசனுக்கும் வெச்சாச்சா?"

பெரியப்பா பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தார். "யாரச் சொல்ற?"

"வெச்சவங்களுக்குத் தெரியும்."

"உன்னைய ஒழிக்கோணும்னா நான் எதுக்கு நல்ல முட்டைய வீணாக்கறேன்? நேரா வந்தே ஒழிச்சிருவனே."

"வா, பாக்கலாம்."

அப்பா மண்வெட்டியை எடுத்தார். பெரியப்பா வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வேலி ஓரம் வந்து நின்றார். நான் நடுவில் போய் நின்றேன். ஆட்கள் கூடிவிட்டார்கள். பூசாரியைக் கூப்பிடுங்கள் என்றார் ஒருவர். யாரும் தாண்டாதீர்கள் என்றார் இன்னொருவர்.

பால் ஊற்றப் போனவர் டீக்கடையில் இதைச் சொல்லியிருக்கிறார். அங்கே நடந்தது மாமா பின்னால் எனக்குச் சொன்னது.

"பண்ணைக்காரரு வாசல்ல செய்வினை வெச்சிருக்குதுங்க. தம்பி மம்பட்டியத் தூக்கிட்டாரு, அண்ணனும் தம்பியும் வெட்டிக்குவாங்களாட்டம் இருக்குது."

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"போன் பண்ணிச் சொல்லிரு. ஆராதனைக்கு நேரமாச்சு" என்றார் மாமா.

"போன்ல சொன்னா அப்பா நம்பமாட்டாருங்க. நான் போகோணும்."

"உன்னைய உள்ள உடமாட்டாரே."

"உள்ள உட வேண்டாமுங்க. மம்பட்டியக் கீழ வெச்சாப் போதும்."

அக்கா வேகமாக நடந்து வந்தார். கூட்டம் விலகியது. கேட்டுக்கு வெளியே நின்றபடி, "அது நான் வெச்சதுங்கப்பா" என்றார்.

அப்பா திரும்பவில்லை. "பெரியப்பனக் காப்பாத்த மேட்டூர்ல இருந்து வந்துட்டயா?"

அக்கா கீழே உட்கார்ந்து துணி கட்டின ஒரு முட்டையை எடுத்தார்.

"தொடாத சாமி, கை வெளங்காமப் போயிரும்" என்றார் கூட்டத்தில் ஒரு அம்மாள்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். துணியைப் பிரித்தார். இலையை உரித்தார். செங்கல் நிற ஓட்டில் கொத்தமல்லித் தழை வெள்ளையாக இருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தார். "இதென்ன கண்ணு, கொத்தமல்லியா?"

"ஆமாங்கம்மா. ஈஸ்டருக்குச் செஞ்சது. நீங்க பிரிச்சுப் பாப்பீங்கன்னு அப்படியே கொண்டாந்தேன்."

ஓட்டை உடைத்து உரித்துப் பாதியைக் கடித்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். ரத்தம் கக்குவார் என்று பார்த்தார்கள். அக்கா மென்று விழுங்கிவிட்டு மிச்சப் பாதியையும் தின்றார்.

"உப்பு கிப்பு வேண்டாமா புள்ள?" என்றார் பெரியப்பா.

யாரோ சிரித்தார்கள். பெரியப்பா வேலியைத் தாண்டி வந்து ஒரு மஞ்சள் முட்டையைக் கையில் எடுத்தார். அப்பாவைப் பார்த்து, "நான் திங்கறேன். செத்தா வரப்பு உனக்கு. பொழைச்சா எனக்கு" என்றார்.

"உன்னைய எமனே தொடமாட்டான். முட்டையா தொடப்போவுது" என்றார் அப்பா.

தகராறு வந்த பிறகு இரண்டு பேரும் சண்டை இல்லாமல் பேசியது அன்றுதான். அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். அக்கா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "வாரேனுங்கப்பா" என்று திரும்பினார். மாமா கொஞ்சம் தள்ளி வண்டியோடு நின்றிருந்தார். அப்பா அவரைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் பேசினார்.

"வெய்யில் ஏறுது. அந்த ஆளு எதுக்கு ரோட்டுல நிக்கறாரு? உள்ள வரச் சொல்லு."

"அவளையும் கூப்புடட்டுங்களா?"

"அவ வராம அவரு எப்படி வருவாரு?"

அன்றைய ஆராதனை அவர்களுக்குத் தப்பிப்போனது. அம்மா தோசை சுட்டார். அக்கா அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். தோலை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோழி செத்தது வெள்ளைக் கழிச்சல் நோயால். டாக்டர் வந்து பார்த்து மிச்சக் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு நின்றது. வரப்புப் பேச்சு முடிய இன்னும் காலம் ஆனது. "அந்த ஆளு" என்பதை விட்டு அப்பா "மாப்பிள்ளை" என்று கூப்பிட அக்காவுக்கு மகள் பிறக்க வேண்டியிருந்தது. ஆனால் அக்கா வரப்போக இருந்தார்.

அதன் பிறகு ஈஸ்டருக்கு முந்தின நாள் எங்கள் வீட்டிலேயே சாயம் போட ஆரம்பித்தார். முட்டை எங்கள் பண்ணையில் எடுப்பார். அன்றைக்குப் போட்ட முட்டை உரிக்க வராது, சில நாள் கிடந்தது வேண்டும் என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிடுவார். பண்ணையில் வேலை செய்பவர்களின் வீட்டுக்கும் ஊருக்கும் கொடுப்பார். பயந்த ஊர் என்பதால் நீலமும் துணி பிரித்த இலை முட்டையும்தான் ஊருக்கு. மஞ்சள் முட்டை பெரியப்பாவுக்கு மட்டும். அவர் கேட்டு வாங்குவார்.

அக்கா அதிர்ந்து பேசமாட்டார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டு போகமாட்டார். அதனால்தான் பேச்சு இல்லாத இரண்டு வீட்டிலும் அவருக்கு இடம் இருந்தது. அம்மா படுத்த படுக்கையானபோது மேட்டூருக்கும் இங்கும் அலைந்து பார்த்துக்கொண்டார். அம்மா கடைசியாகக் கஞ்சி குடித்தது அக்கா கையால். நம் கோயில் பொங்கலுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார். இரண்டையும் பற்றி யாரிடமும் வாதம் செய்ததில்லை.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. சேலத்தில் டயாலிசிஸ் செய்தார்கள். அப்பா இங்கிருந்து பஸ் ஏறிப் போய் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் அதிகம் பேசமாட்டார்கள். "சாப்பிட்டயா சாமி" என்பார் அப்பா. "ஆச்சுங்கப்பா" என்பார் அக்கா. வலியைச் சொல்லமாட்டார். ஒரு நாள் காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு மாற்றி மாற்றிக் கூட்டிப்போன பெரியப்பாவின் மகன்களுக்கும், ரத்தம் கொடுத்த, ஊரில் லாரி ஓட்டும் நண்பர்களுக்கும், கவனித்த டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும், துக்கத்துக்கு வந்தவர்களுக்கும், வர முடியாமல் போனில் விசாரித்தவர்களுக்கும் எங்கள் வீட்டாரின் வணக்கம். மாமாவுக்கு நாங்கள் நன்றி சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். அதனால் சொல்லவில்லை.

இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. மேட்டூர் சபையில் ஒரு பெரியவர்.

இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் புதுச்சேலை போர்த்துவது நம் பக்கத்து வழக்கம். பிறந்த வீட்டுக் கோடி என்போம். அவர்கள் முறை வேறு, கொண்டு போய் அவமானப்பட வேண்டாம் என்று நம் உறவிலேயே சிலர் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. கடைக்குப் போய்த் தானே எடுத்தார். மேட்டூரில் பெட்டியைச் சுற்றி ஜெபம் நடந்துகொண்டிருந்தது. முடியும் வரை அப்பா சேலையைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றார். பிறகு பெட்டிக்கிட்டே போனார்.

அந்தப் பெரியவர் மரியாதையாகத்தான் கேட்டார். "ஐயா, எங்க பக்கம் இந்த வழக்கம் இல்லீங்களே."

"உங்க பக்கம் இல்லீங்க. எங்க பக்கம் இருக்குதுங்க" என்றார் அப்பா. "அவ ரெண்டு பக்கத்துப் பொண்ணுங்க."

பெரியவர் நகர்ந்து வழி விட்டார். சேலையின் ஒரு முனையை அப்பாவும் மறுமுனையை மாமாவும் பிடித்துப் போர்த்தினார்கள்.

அப்படி நகர்ந்து நின்றதற்காக அந்தப் பெரியவருக்கு எங்கள் நன்றி.