றீற்றாவின் முழங்காலும் அறுநூறு மணித்தியாலமும்

ஒன்ராறியோ மாகாணத்தில் முழங்கால் மாற்றக் காத்திருப்பவர்கள், சத்திரசிகிச்சைத் திகதி முந்தி வந்தால் கோயிலுக்கு மெழுகுதிரி கொண்டுபோவார்கள். றீற்றாவோ போனிலேயே, "ஐயோ, வேண்டாம்!" என்று கத்திவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய பெண், தான் சொன்னது விளங்கவில்லையாக்கும் என்று நினைத்துத் திரும்பவும் சொன்னாள். யாரோ ஒருவர் தன் முறையை விட்டுவிட்டார், அடுத்த வியாழக்கிழமை இடம் இருக்கிறது, வரலாம். றீற்றா தன்னிடமிருந்த ஆங்கிலத்தையெல்லாம் ஒன்றுதிரட்டிப் பதில் சொன்னார்: முழங்கால் தயார், மணித்தியாலம் தயாரில்லை.

றீற்றாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மன்னாரிலிருந்து வந்தவர். சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்கட்டடம் ஒன்றில் கணவர் நீக்கிலாப்பிள்ளையுடன் இருக்கிறார். ஒன்பது வருடங்களாகப் பக்கத்துத் தெருவில் தியாகலிங்கத்தின் சாப்பாட்டுக் கடையில், கறி வைத்துப் பொரிக்கும் றோல்ஸ் சுற்றினார். சம்பளம் கையில் காசாக வரும். வரியும் இல்லை, வேறு கழிவும் இல்லை. முதலாளியும் தொழிலாளியும் இதைத் தங்களுடைய கெட்டித்தனம் என்றே நம்பியிருந்தார்கள். போன பனிக்கால முடிவில்தான் அவர் சலாட் பொதி செய்யும் தொழிற்சாலைக்கு மாறினார். நெடுநாளாக நொந்துகொண்டிருந்த முழங்காலும் அப்போதுதான் நன்றாக மக்கர் பண்ணத் தொடங்கியது.

மார்க்கம் நகரில் இருக்கும் மகள் கரோலின்தான் விஷயத்தை முன்னமே போட்டு உடைத்திருந்தாள்.

"அம்மா, சேர்ஜரி செய்தா மூண்டு மாசம் வேலைக்குப் போகேலாது. சிக் பெனிஃபிற் எடுக்கலாம், பட் கடைசி ஒரு வருசத்தில சிக்ஸ் ஹண்ட்ரட் அவர்ஸ் வேணும். சம்பளத்தில ஈ.ஐ. காப்புறுதிக் காசு கழிச்ச அவர்ஸ். காஷ் வேலை டஸின்ற் கவுண்ட்."

"அப்ப நான் சுத்தின றோல்ஸ்?"

"ஓன் பேப்பர், யூ வேர் அற் ஹோம்."

தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து கூட்டிப் பார்த்தால் முந்நூற்றுச் சொச்சம் மணித்தியாலம் குறைந்தது. ஆஸ்பத்திரிப் பெண் ஒருவாறு விளங்கிக்கொண்டு இலையுதிர் காலத்துக்குத் திகதி மாற்றிக் கொடுத்தாள். ஆனால் தொழிற்சாலையில் நின்றபடிதான் வேலை. றீற்றா நான்கு மணித்தியாலம் நின்றால் மிச்ச நேரத்துக்கு முழங்கால் ஒத்துழைக்காது. ஒரு ஸ்ரூல் தரும்படி கேட்டார். பாதுகாப்பு விதி இடம் கொடுக்காது என்று சூப்பர்வைசர் கையை விரித்தார். இப்படியே போனால் இலையுதிர் காலத்துக்குள் குறை நிரம்பாது.

ஆகவே ஒரு சனிக்கிழமை மத்தியானம், றீற்றா கணவரையும் கூட்டிக்கொண்டு நொண்டி நொண்டித் தியாகலிங்கத்தின் கடைக்குப் போனார். கடையில் வாசல்வரை வரிசை நின்றது.

"அண்ணை, நான் இஞ்சை வேலை செய்தனான் எண்டு ஒரு கடுதாசி தாங்கோ. சிக் லீவுக் காசுக்கு அறுநூறு மணித்தியாலம் காட்டோணும்."

தியாகலிங்கத்தின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. வரிசையில் வரித் திணைக்களத்து ஆட்கள் யாரும் நிற்கிறார்களோ என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நீரோ? நீர் இஞ்சை வேலை செய்யேல்லை, றீற்றா."

"ஒம்பது வருசம் அண்ணை!"

"சும்மா வந்து நிண்டனீர்."

"சும்மா நிண்டவளுக்கு ஏன் அண்ணை அப்பிடிப் பேச்சு? மா இளகிப் போச்சு, எண்ணெய் கூடிப் போச்சு எண்டு!"

வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. வழக்கமாக வரும் ஒருவர், "அன்ரி, நீங்கள் போன பிறகு உந்த றோல்ஸ் வாயில வைக்கேலாது" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்.

பழைய மணித்தியாலங்கள் கிடைக்காது என்று றீற்றாவுக்கே தெரியும். நீக்கிலாப்பிள்ளை மெதுவாக முன்னுக்கு வந்து சமாதானம் பேசினார். "பழங்கதையை விடுங்கோ அண்ணை. சனி ஞாயிறிலை மனிசி வந்து இருந்து சுத்தட்டும். காசு வேண்டாம், செக் குடுங்கோ."

"செக் எண்டா கழிக்கோணும், நானும் என்ரை பங்கு கட்டோணும், கணக்கப்பிள்ளைக்கும் குடுக்கோணும்…" என்று தியாகலிங்கம் விரல் மடிக்கத் தொடங்கிய வேளையில்தான் குசினிக் கதவு திறந்தது. மாவு படிந்த கையோடு யூஜினி வெளியே வந்தாள். இரண்டு வருடமாக அங்கே வேலை செய்பவள்; றீற்றா போன பிறகு அந்தக் குசினியைத் தனியாக இழுப்பவள் அவள்தான்.

"அக்கா, பிள்ளை பிறந்தா எடுக்கிற லீவுக் காசுக்கும் உந்த அறுநூறு வேணுமோ?"

"ஓம், அதுக்கும் வேணும்."

யூஜினி முதலாளியின் பக்கம் திரும்பினாள். "அண்ணை, அப்ப நானும் சும்மாதான் நிக்கிறனோ? எனக்கு இப்ப நாலு மாசம்."

வரிசை முழுக்கக் கைதட்டியது. யாரோ ஒரு அம்மா முன்னுக்கு வந்து யூஜினியின் கன்னத்தைத் தடவினார். தியாகலிங்கத்துக்கு வாழ்த்துச் சொல்வதா அழுவதா என்று தெரியவில்லை. யூஜினியோ அடுப்பை அணைத்துவிட்டு வந்து றீற்றாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். கொத்துரொட்டிக்குக் காத்திருந்தவர்களின் முகங்கள் மாறின.

"அண்ணை, கெதியாச் சொல்லுங்கோ, பசிக்குது!" என்றது வரிசை.

தியாகலிங்கம் இரண்டு கைகளையும் தூக்கினார். "சரியடாப்பா! திங்கட்கிழமையிலிருந்து எல்லாருக்கும் செக்! அடுப்பை மூட்டு பிள்ளை!"

சொன்னபடியே செய்தார். ஒவ்வொரு முறை சம்பளம் போடும்போதும் பல் பிடுங்குபவர் முன் இருப்பவரைப்போல முகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். றீற்றா வார நாட்களில் சலாட்டும், வார இறுதியில் கதிரையில் இருந்தபடி றோல்ஸுமாக ஓட்டினார். இலையுதிர் காலம் வந்தபோது அறுநூறைத் தாண்டி, கைகாவலுக்குக் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. சம்பளத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகக் காசு வங்கிக்கு வந்தது. நீக்கிலாப்பிள்ளை தினமும் பருப்புச் சமைத்தார். அவருக்கு வேறொன்றும் தெரியாது.

ஒருநாள் நிறைவயிற்றோடு யூஜினி ஒரு பெட்டி றோல்ஸ் கொண்டுவந்தாள். "அக்கா, உள்ளுக்கை வைக்கிற கறி சரிவரேல்லை எண்டு அண்ணை புலம்புறார். ஒருக்காச் சாப்பிட்டுச் சொல்லுங்கோ."

பருப்பில் வெறுத்துப் போயிருந்த றீற்றா ஆசையோடு ஒன்றை எடுத்தார். வாயருகே கொண்டுபோனவர் திடுக்கிட்டு நிறுத்தினார். சுகவீன லீவில் இருக்கும்போது வேலை செய்தால் அறிவிக்க வேண்டுமே. கடைக்காக ருசி பார்ப்பது வேலையா, இல்லையா?

யூஜினி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. ஈ.ஐ. அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். நெடுநேரம் போனில் பாட்டுக் கேட்டபின் ஒரு மனிதர் பேச வந்தார். றீற்றா முழுக்கதையையும் விளக்கினார். அவர் சற்று யோசித்துவிட்டு, அதற்கு உங்களுக்குச் சம்பளம் தருகிறார்களா என்று கேட்டார்.

"நோ, சேர்."

அப்படியென்றால் நீங்கள் சாப்பிடுகிறீர்கள், அவ்வளவுதான் என்றார் அவர்.

றீற்றா நன்றி சொல்லி வைத்தார். பிறகு நிம்மதியாக நான்கு றோல்ஸ் சாப்பிட்டுவிட்டு, மிளகு கொஞ்சம் காணாது என்றார்.