மேடத்தின் பூஜ்யம்

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மேடம் தன் இடது கையை என் மேஜைமேல் நீட்டுவார். நீட்டிய கையோடு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். காலமெல்லாம் மற்றவர்கள் ரத்தத்தை ஆராய்ந்தவருக்குத் தன் ரத்தத்தைப் பார்க்கப் பயம். "குத்திட்டியா? குத்திட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "எடுத்தே முடிச்சாச்சு, திரும்புங்க மேடம்" என்பேன். பதினாறு வருஷம் அந்தக் கையைப் பிடித்திருக்கிறேன். அந்த ரத்தம் ஒருநாள் என்னிடம் ஒரு விஷயத்தைக் காட்டியது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை.

மேடம் மும்பை மாட்டுங்காவில் பிறந்து, அங்கேயே படித்து, வெளிநாட்டில் சில வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டு, "அங்கே குளிர் தாங்கலை" என்று ஒரே வரியில் காரணம் சொல்லித் திரும்பி வந்தவர். அவருடைய வாழ்க்கை முழுவதும் ஒரே ஒரு ஹார்மோனைச் சுற்றித்தான் போனது. பெண்ணின் சினைப்பையில் சுரப்பது அது. மாதவிடாய் நின்றபிறகு ரத்தத்தில் அநேகமாக இல்லாமலே போய்விடும். சினைப்பையில் ஒருவகைப் புற்றுநோய் வந்தால் மட்டும் மறுபடி தலைகாட்டும். வயிற்றில் வலி தெரிவதற்குப் பல மாதம் முன்பே அது ஏறிவிடும், அதை வைத்தே நோயைப் பிடித்துவிடலாம் என்பது மேடத்தின் வாதம். முப்பது வருஷம் இதைத்தான் எழுதினார், இதைத்தான் பேசினார். எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் யாராவது ஒருவர் எழுந்து, முன்பே ஏறியது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார். நோயாளிகள் நோய் வந்தபிறகுதானே வருகிறார்கள்? நோய்க்கு முந்தைய ரத்தம் யாரிடமும் இல்லை. ஆய்வகத்தின் தலைமைப் பதவி இரண்டு முறை அவரைத் தாண்டிப் போனதற்கும் அதுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த ரத்தத்தைத் தேடித்தான் என்னை வேலைக்கு எடுத்தார். நான் தாராவிக்காரி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். எங்கள் தெருப் பெண்களிடம் அவர்கள் பேச்சிலேயே பேசி ரத்தம் வாங்கித் தருவேன் என்று மேடம் நம்பினார். ஐந்து வருஷம் மாதாமாதம் வாங்க வேண்டும் என்றதும் கதவைச் சாத்தினார்கள். "நோக்காடு ஒண்ணுமில்லாம எதுக்குட்டி ரத்தம் குடுக்கணும்? உங்க மேடம் குடுப்பாளா?" என்று ஒரு அக்கா கேட்டாள். இதை நான் சிரித்துக்கொண்டே வந்து சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை கையை நீட்டிவிட்டார். அவருக்கு மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அப்படித்தான் அவர் ரத்தம் எங்கள் பூஜ்யம் ஆனது. ஒவ்வொரு சோதனையிலும், ஹார்மோன் இல்லாத ரத்தம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். தட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும். ஹார்மோன் இருந்தால் அந்தக் குழி மஞ்சளாகும், இல்லாவிட்டால் தண்ணீர் மாதிரியே கிடக்கும். மேடத்தின் குழி பதினைந்து வருஷம் தண்ணீராகவே கிடந்தது. "என்ன மேடம், இந்த மாசமும் பூஜ்யந்தான்" என்று கேலி செய்வேன். "பள்ளிக்கூடத்துலயே நான் அப்படித்தான்" என்பார். மிஞ்சும் சொட்டு ரத்தத்தை நான் கொட்டுவதில்லை, மாதம் எழுதி ஃப்ரீஸரில் போட்டு வைப்பேன். தூக்கியெறிய மனசு வராத குணம், அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்தில் அந்தக் குழி லேசாக மஞ்சளானது. கரண்ட் போய்ப் போய் வந்த வாரம் அது, அதனால் ரசாயனம் கெட்டிருக்கும் என்று தட்டையே தூக்கிப் போட்டேன். திரும்பச் செய்தேன், திரும்பவும் மஞ்சள். அடுத்த மாதம் புது டப்பா உடைத்தோம், இன்னும் கொஞ்சம் அழுத்தமான மஞ்சள். மேடத்துக்கு அப்போது ஓய்வு பெற ஒன்றரை வருஷம்தான் இருந்தது, கடைசி அறிக்கைக்குக் கெடு நெருங்கியிருந்தது. பிஎச்.டி. மாணவர்கள் இருவர் பார்த்துக்கொண்டிருக்க, "பதினாறு வருஷமா பண்றே, இன்னும் ஒழுங்கா அளந்து விடத் தெரியலையா? உன் கையாலதான் எல்லாம் பாழாறது" என்று கத்தினார். அதற்கு முன்னால் அவர் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. ஆய்வகம் இருந்த செம்பூரில் ரயில் ஏறியதிலிருந்து வீடு போய்ச் சேரும்வரை அழுதேன்.

ஆய்வகத்தைப் பெருக்க வரும் மராத்திக்காரியை மௌசி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவோம். மறுநாள் அவளிடம் கெஞ்சி ரத்தம் எடுத்தேன். அவளுக்கு அறுபது வயசு. அவள் ரத்தத்தையும் மேடத்தின் ரத்தத்தையும் அடுத்தடுத்த குழிகளில் விட்டேன். மௌசியின் குழி தண்ணீர், மேடத்தின் குழி மஞ்சள். ஆக, கையும் கெடவில்லை, ரசாயனமும் கெடவில்லை. கோளாறு ஒன்று அந்த ரத்தத்தில்தான் இருக்க வேண்டும். அது என்னவென்று அந்த ஆய்வகத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, சுவரில் ஒட்டியிருந்த மேடத்தின் ஆராய்ச்சிப் படங்களெல்லாம் அதைத்தான் சொல்லின. ஒரு நிமிஷம் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய், மாணவர்கள் காதில் விழும்படி, "மௌசி ரத்தத்துல சரியாத்தான் வருது மேடம்" என்றேன். அவர் தட்டைப் பார்த்தார். "சரி, இனிமே மௌசியையே வெச்சுக்கோ. வயசானா ரத்தத்துல கண்டது சேர்ந்துடறது" என்றுவிட்டு அறிக்கைக்குத் திரும்பினார். நான் பதிவேட்டில் அந்த எண்களைச் சிவப்பு மையால் அடித்து, பிழை என்று எழுதினேன்.

எட்டு மாதம் கழித்து மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சினைப்பையில் கட்டி வெடித்திருந்தது. அறுவை செய்த டாக்டர், கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் மொத்தமாக எடுத்திருக்கலாம் என்றார். செம்பூர் வீட்டில் படுத்திருந்த மேடம் என்னிடம் முதலில் கேட்டதே, "மிச்ச ரத்தம் வெச்சிருக்கியா?" என்பதுதான். இருந்ததையெல்லாம் உருக்கிச் சோதித்து, மாதவாரியாகக் கோடு போட்டு எடுத்துப் போனேன். பல வருஷத்துக்குத் தரையோடு தரையாகப் போன கோடு ஒரு இடத்தில் தலையைத் தூக்கி ஏறியது.

"இதைத்தானேடி முப்பது வருஷமா தேடிண்டிருந்தேன்! வலி வரதுக்கு எவ்வளவு முன்னாடி ஏறியிருக்கு பாரு" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"மேடம், மௌசி ரத்தத்தோட வெச்சுப் பாத்தேன்லா, அன்னைக்கே எனக்கு ஒரு நிமிஷம் தோணிச்சு" என்று சொல்லிவிட்டேன்.

"என்ன தோணித்து?"

"இதுதான்."

கையிலிருந்த தாளை மடியில் வைத்தார். "எனக்குத் தோணலையேடி" என்றார். "ஊர் ஊரா போய்ச் சொன்னேன். தட்டைக் கொண்டுவந்து மூஞ்சிக்கு நேரே காட்டினே. எனக்குத் தோணலையே." அப்போதுதான் அழுதார். நோய் இன்னதென்று சொன்னபோதுகூட அவர் அழுததாக யாரும் சொல்லவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிழைன்னு அடிச்சதையும் அப்படியே போடு, மறைக்காதே" என்று கட்டுரையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

கட்டுரை வெளிவந்தபோது அவர் இல்லை. அதில் அவர் பெயருக்கு அடுத்ததாக என் பெயர் இருக்கிறது. என் மகள் அதை போனில் வைத்துக்கொண்டு, "மேரீ மம்மி கா நாம்", என் அம்மா பேர், என்று இந்தியில் சொல்லி எல்லோருக்கும் காட்டுகிறாள். நான் இப்போது காட்கோபரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். இங்கே மஞ்சளெல்லாம் இல்லை, மெஷின் எண்ணை அச்சடித்துத் தருகிறது. ஆனாலும் யாராவது கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு இன்னொருத்தியைக் கூப்பிடுகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று மேடம் கடைசிவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால், பயமாக இருந்தது என்று சொல்லியிருப்பேன், அவரும் நம்பியிருப்பார். நான் பயப்படவில்லை. என் கைமேல் தப்பில்லை, கோளாறு அவரிடம்தான் என்று தெரிந்தபோது எனக்கு மனசு உள்ளூரக் குளிர்ந்தது.