லத்தீன் தனபால் சார்

தனபால் சார் போய்விட்ட செய்தி நம் ஸ்பானிஷ் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. விளக்கேற்றிவிட்டு வந்து பார்ப்பதற்குள் அத்தனை பேரும் ‘கண்டோலன்ஸ்’ என்று போட்டு, கைகூப்பும் பொம்மையும் வைத்துவிட்டீர்கள். இரண்டு நாள் வந்து ஓடிப்போனவர்கள்தான் முதலில் அழுதிருக்கிறீர்கள்.

அவரைப் போல ஓர் உதவாக்கரை வாத்தியாரை நான் பார்த்ததில்லை. செங்கம் ரோட்டில் தங்கும் வெளிநாட்டுக்காரர்களிடம் ஸ்பானிஷில் ரூம் வாடகை பேசத்தான் நீங்கள் போனீர்கள். நான் போனது பேத்திக்காக. மருமகள் ஸ்பெயின்காரி, குழந்தைக்கு அந்தப் பாஷை மட்டும்தான். லீவுக்குப் பேத்தி வருவதற்குள் நாலு வார்த்தை பேசக் கற்க வேண்டும். அவரோ ஒரு வாக்கியம்கூடச் சொல்லித் தரவில்லை; எதைக் கேட்டாலும் லத்தீன் வேர்தான்.

“ஸ்பானிஷ் லத்தீனோட சொந்த மக. இங்கிலீஷ் பக்கத்து வூட்டுக்காரி, பாத்திரம் இரவல் வாங்கினவ” என்பார்.

“இரவல் வாங்கினவதான் சார் இன்னிக்கு ஊருக்கே சோறு போடுறா” என்றேன்.

“வெல கேக்க வந்த கூட்டம். வேர் தெரிஞ்சுக்க யோக்யத கெடையாது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு பௌர்ணமியன்று கிரிவலம் முடித்து வெறுங்காலோடு வகுப்புக்குப் போனேன். நிலாவுக்கு ஸ்பானிஷில் ‘லூனா’, லத்தீனிலும் அதேதான் என்றவர், என் காலைப் பார்த்தார். “இங்கிலீஷ்ல இதுக்கு ஒரு சொந்தம் இருக்கு. லூனடிக். நிலாவால பைத்தியம் புடிச்சவங்க.”

எல்லோரும் சிரித்தீர்கள்.

“அண்ணாமலையாரச் சுத்துற நாங்க பைத்தியம்னா, செத்துப்போன பாஷையச் சுத்துற உங்களுக்கு என்ன சார் பேரு?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். அந்த ஃபீஸை வீட்டுச் செலவுக் கணக்கில் தண்டம் என்றுதான் எழுதினேன்.

பேத்தி வந்தாள். மகனும் மருமகளும் சென்னைக்குப் போயிருந்த மதியம், “துவெலே, துவெலே” என்று புரண்டு அழுதாள். அவர்கள் போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் சாருக்குப் போன் போட்டு அந்த வார்த்தையைச் சொன்னேன்.

“தொலோர்னு லத்தீன்மா. இங்கிலீஷ்ல கண்டோலன்ஸ் இருக்கு பாரு, அதுவும் இதே வேர்தான். கூடச் சேர்ந்து...”

“அது எங்கேர்ந்தாவது வந்துட்டுப் போவுது சார்! கொழந்தைக்கு என்ன?”

“வலிக்குதும்மா.”

கொஞ்ச நேரத்தில் வேங்கிக்காலில் என் வீட்டுக்கே ஸ்கூட்டரில் வந்து நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. எங்கே வலிக்கிறது என்று அவர் ஸ்பானிஷில் கேட்டது குழந்தைக்கே புரியவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு அவர் உச்சரிப்பைத் திருத்தினாள். நம்மில் ஒருவரையும் மதிக்காத மனிதர், நாலு வயசுக்காரி முன்னால் கைகட்டித் திருப்பித் திருப்பிச் சொன்னார். அப்புறம்தான் அவள் காதைத் தொட்டுக் காட்டினாள்.

டாக்டர் வீட்டு வாசலில் அவள் மறுபடி வீறிட்டபோது சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“போன்ல என்னவோ சொல்ல வந்தீங்களே சார், கூடச் சேர்ந்துன்னு?”

“கூடச் சேர்ந்து வலிக்கிறது. அதாம்மா கண்டோலன்ஸ்.”

இப்போதும் அவரை நல்ல வாத்தியார் என்று சொல்ல மாட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தைதான். பொம்மையோடு சேர்த்து அதைக் குழுவில் போட எனக்கு மனசு வரவில்லை. இரண்டு நாளாக வலிக்கிறது.