சசி அண்ணையின் பந்தும் என்னுடைய மைக்கும்

மைக் பிடித்துச் சீரழிந்த என் இனத்தவர்களே, உங்களுக்குத் தெரியாததில்லை: இந்தத் தொழிலில் நாம் கேட்கும் கேள்வி அல்ல, எதிரே இருப்பவர் சொல்லாமல் விடும் பதில்தான் ஆளைக் கொல்லும்.

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே எங்கள் சிறிய தமிழ் வானொலி. நாள்தோறும் மரண அறிவித்தல் வாசிப்பது என் வேலை. ஞாயிறு மட்டும் அதன் பின்னால் அரை மணித்தியாலம் விளையாட்டு. அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

மடங்காத முழங்கை

எங்கள் கிரிக்கெட் குழு விளையாடும் மைதானத்தில் பிரெஞ்சுக்காரரின் பேஸ்போல் குழு ஒன்றும் விளையாடும். அவர்களுடைய பந்தெறிபவருக்குத் தோள் பிசகிவிட, எங்கள் வேகப்பந்து வீச்சாளர் சசி அண்ணையைக் கடன் கேட்டார்கள். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிவது களவு. பேஸ்போலில் மடக்காமல் எறிந்தால் பைத்தியம் என்பார்கள். அண்ணை நின்ற இடத்தில் நின்றபடி கையை நேராகச் சுழற்றிக் காதோரமாகப் பந்தை விட்டார். அது எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல், மட்டையோடு வந்தவர்களெல்லாம் காற்றை அடித்துவிட்டுப் போனார்கள்.

வெற்றிதான். ஆனாலும் அந்தப் பேஸ்போல் குழுவின் பயிற்சியாளருக்குப் பொறுக்கவில்லை. கையை மடக்கினால் இன்னும் வேகம் வரும், நீயாவது சொல் என்று என்னிடம் கெஞ்சினார். நான் தமிழில் சொன்னேன். அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, நான் கையை மடக்கி எறியிறதை ஆராவது வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பினால் என்ரை மானம் என்னாகிறது?”

தலையாட்டிய பேட்டி

இப்படிப்பட்டவரை விட முடியுமா? நிலையத்துக்கு அழைத்து வந்தேன். படியேறும்போது வாய் ஓயாமல் பேசியவர், மைக்கைக் கண்டதும் அடங்கிப்போனார். கேள்விக்கு ஒரு தலையாட்டு. அடுத்ததற்குப் பெரிய தலையாட்டு, கூடவே ஒரு சிரிப்பு. வானொலியில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? நானே கேட்டு, நானே பதிலும் சொல்லி வியர்த்தேன். புறநகரான கூசேன்விலிலிருந்து ஒரு ஐயா தொலைபேசி எடுத்து, கனநேரமாகத் தனியக் கதைக்கிறீரே, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று அக்கறையாக விசாரித்தார்.

எங்கள் பொறுப்பாளர் ரஞ்சி அக்காவுக்கு அந்த அக்கறை இல்லை.

“தம்பி, இன்னுமொருக்கா இப்பிடி நடந்தால் அந்த நேரத்தை நகைக்கடை விளம்பரத்துக்குக் குடுத்திடுவன்.”

நீளமான அறிமுகம்

அடுத்த ஞாயிறு ரோசத்தில் அவரையே மறுபடி அழைத்தேன். ஆள் பேசாவிட்டாலும் நேரம் ஓட வேண்டுமே என்று நீளமாக அறிமுகம் செய்யத் தொடங்கினேன். என் வாய் பழகிய தடத்திலேயே போயிற்று. “கோண்டாவிலைப் பிறப்பிடமாகவும், எபினே-சூர்-செய்னை வதிவிடமாகவும் கொண்ட சசிதரன் அவர்கள்...” மரண அறிவித்தலின் சோக இசையை வேறு நிறுத்த மறந்திருந்தேன்.

தாய் தகப்பன் பெயர் சொல்லி முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. மலர்வளையத்துக்கு யாரிடம் சொல்வது என்று ஒருவர் கேட்டார். அடுத்த அழைப்பில் வெறும் அழுகை. அண்ணையின் அக்கா. எதிரே அண்ணை தலையாட்டிக்கொண்டிருந்தார். என் நிகழ்ச்சிக்கு நானே சங்கு ஊதிவிட்டேன் என்று நினைத்து, மைக்கை அவர் வாய்க்கு நேரே தள்ளினேன். “கதையுங்கோ அண்ணை, உங்கடை அக்கா அழுறா.”

அண்ணை பேசினார். தான் சாகவில்லை என்பதில் தொடங்கி, முழங்கை, பந்து, பயிற்சியாளரின் கெஞ்சல் என்று நேரம் முடியும்வரை நிறுத்தவில்லை. அக்காவுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. உயிரோடு இருப்பவன் ஏன் இத்தனை நாளாக ஒரு போன்கூட எடுக்கவில்லை என்று கேட்டார். லா சப்பல் கடைகளிலெல்லாம் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கேட்டார்களாம்.

வெளியே வந்தபோது ரஞ்சி அக்கா கதவடியில் நின்றார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

“விளையாட்டை நீரே செய்யும் தம்பி. மரண அறிவித்தலை இனி வேறை ஆள் வாசிக்கட்டும்.”

எத்தனையோ பேரின் மரணத்தை அறிவித்தும் போகாத அந்த வேலை, சாகாத ஒருவரால் போனதில் எனக்கு இன்றுவரை நிம்மதிதான்.