மூன்றாம் கட்டத்து மஞ்சள்

அச்சடித்த தாளை மேசையில் விரித்துவிட்டு, அதைப் பார்க்காமல் எதிரே உள்ள சாம்பல் நிறச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. முழுசாக ஒரு நிமிடம். கண்ணில் ஒட்டியிருக்கும் மற்ற நிறமெல்லாம் இறங்க வேண்டுமாம். பிறகு தாள் பக்கம் திரும்பியவர் என்னைப் பார்த்து, "உங்க சட்டைக் கலர் தாள் மேல விழுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். நான் போட்டிருந்தது சிவப்பு. வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

அச்சகத்தில் எல்லாருக்கும் அவர் கலரக்கா. ஐம்பதைத் தாண்டியவர். வேலை நாளில் சாம்பல் நிற உடை தவிர வேறு உடுத்த மாட்டார். நகத்தில் பூச்சு கிடையாது. அவர் கணவருக்கு இதில் தீராத குறை. "கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் மழை வர்ற மாதிரிதான் கிளம்புறா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

எந்த வேலையை எந்த மையில் அடிப்பது என்று முடிவு செய்வதுதான் அக்காவின் உத்தியோகம். நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நாலு மைகளைப் பொடிப்பொடிப் புள்ளிகளாக வைத்தால், தூரத்துப் பார்வைக்கு எல்லா நிறமும் வந்துவிடும். அது ஒரு வழி. வேண்டிய நிறத்தையே தனி மையாகக் குழைத்து அடிப்பது இன்னொரு வழி. "முகம், பழம், மலைன்னா நாலு மை போதும். கொஞ்சம் முன்னபின்ன ஆனாலும் மன்னிச்சிடுவாங்க. மன்னிக்க முடியாத கலர்னா தனி மைதான்." கணினித் திரையைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்பவர்களிடம் அவருக்கு ஒரே பதில்தான்: "அது வெளிச்சம்ங்க. நான் பூசுறது மை."

நான் என் புத்தக அட்டைக்காகக் காத்திருந்த அன்று, ஒரு குழந்தை மருத்துவர் வந்திருந்தார். பிறந்த குழந்தை வெளிக்குப் போகும் நிறத்தைத் தாய் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அட்டை அவருக்கு அச்சடிக்க வேண்டும். அதில் ஆறு கட்டங்கள். முதல் மூன்றும் வெளிறிய நிறம்; குழந்தையின் மலம் அப்படி இருந்தால் கல்லீரலில் கோளாறு இருக்கலாம், உடனே ஓடி வர வேண்டும். அடுத்த மூன்றும் நலம். "பூ அடிச்சேன், பழம் அடிச்சேன், கடைசில இதையும் அடிக்க வெச்சிட்டீங்களே" என்றார் மெஷின்காரர். மருத்துவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்பதால் முதலாளி நாலு மையே போதும் என்று சொல்லியிருந்தார். நூற்றுச் சொச்சம் தாள் ஓடியிருந்தது. மருத்துவர் தன் கையால் வண்ணம் தீட்டிய மூல அட்டையோடு ஒப்பிட்டார். பகல் வெளிச்சத்தில் அச்சு அசலாக இருந்தது. சரி என்று தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அக்கா இரண்டையும் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த காகித அறைக்குள் போனார். அங்கே பழைய மஞ்சள் பல்பு ஒன்று எரியும். "டாக்டர், இங்க கொஞ்சம் வாங்க" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். மூல அட்டையில் மூன்றாம் கட்டம் வெளிறியபடியே இருந்தது. அச்சான தாளில் அதே கட்டம் நன்றாக மஞ்சள் ஏறி, நாலாவதோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பகலில் ஒன்றாக இருந்த இரண்டு நிறங்கள் வேறு விளக்கில் பிரிந்து போகும் என்பதை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

"பிள்ளை பெத்தவங்க வீட்ல எல்லாம் உங்க ஆஸ்பத்திரி லைட்டா எரியுது?" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "நோய் இருக்கிற பிள்ளையோட அம்மா, இந்த லைட்ல பார்த்துட்டு நிம்மதியா படுத்துடுவா."

மருத்துவர் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "தேதியை நான் பார்த்துக்கறேன். நீங்க உங்க வழியில பண்ணுங்க."

ஆறு கட்டத்துக்கும் ஆறு தனி மை. ஒவ்வொரு மைக்கும் மெஷினைக் கழுவி மறுபடி ஓட்ட வேண்டும். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். என் புத்தக அட்டை அடுத்த வாரத்துக்குப் போனது. எனக்கு வருத்தமே இல்லை. அக்கா கண்ணாடிப் பலகையில் மையைக் குழைத்து, விரலால் தாளில் தடவி, பகலில் ஒருமுறை, பல்பில் ஒருமுறை என்று அலைந்ததைப் பார்த்தபடி நின்றேன். மூன்றாம் கட்டத்துக்கு மட்டும் பதினோரு தடவை. கடைசித் தடவலை அசலோடு சேர்த்துப் பல்பின் கீழ் பிடித்தபோது இரண்டுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. நானெல்லாம் இத்தனை நாள் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்று தோன்றியது.

கழிவுத் தாள்களை மெஷின்காரர் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம். அந்த நாலு மைத் தாள்களையும் அள்ளப் போனார். "அதை வைங்க தம்பி. பச்சப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போயிடக் கூடாது" என்றார் அக்கா. கறுப்பு மையில் கட்டைவிரலைத் தோய்த்தார். முதல் தாளின் மூன்றாம் கட்டத்தில் அழுத்தினார். அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.